நாரை ஏரியும் நான் எழுதாத வரியும்

தரைப்பாலம் காய்ந்து கிடந்தது.

ஸ்கூட்டரில் அந்த இடம் வந்தால் வேகத்தைக் குறைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் மேலே வைத்துக்கொண்டு தண்ணீரைக் கடப்பது என் வழக்கம். அறுபது வயதுக்காரி அப்படிப் போவதைப் பார்த்து மாடு மேய்ப்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்குக் காலைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாலத்தின் மேல் பாசி காய்ந்து அப்பளம் மாதிரி உரிந்து கிடந்தது.

'நல்லதாப் போச்சு, இன்னைக்குச் சேலை நனையாது' என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு, வாய்க்கால் ஏன் காய்ந்தது என்று அந்த நிமிஷம் கேட்கத் தோன்றவில்லை. ரிட்டயர் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூளையையும் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முன்பக்கப் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட், குலதெய்வம் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். இரண்டும் அஞ்சலைக்கு. ஏரியை ஒட்டிய ஊர்க்காரி. ஆடு வளர்ப்பவள். என் சிநேகிதி.

கரை ஏறும் முன்பே வாடை வந்துவிட்டது. சேற்று வாடை எனக்குப் புதிது இல்லை. இது வேறு. அதோடு இன்னொன்றும் உறைத்தது. சத்தம் இல்லை. தை, மாசியில் அந்த ஏரியில் நாரைக் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்துகிற கத்தல் தரைப்பாலத்துக்கே கேட்கும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது.

கரை மேல் ஏறி நின்றேன். ஏரியின் நட்ட நடுவில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு கழியோடு. தண்ணீர் இருந்தால் அந்த இடத்தில் அவள் கழுத்தளவு முழுகியிருப்பாள். சேறு அவள் கெண்டைக்காலைக்கூட மறைக்கவில்லை.

அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். போன வாரம் குவார்ட்டர்ஸ் பலாமரச் சண்டையை எழுதியதற்கு, வயிறு வலிக்கச் சிரித்ததாக ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்த வாரம் அவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்துத் தண்ணீர்

நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி தண்ணீர் இறைப்பது. நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் மூன்று ஷிஃப்டும் பம்ப் ஓடும். தீபாவளி, பொங்கல், தேர்தல் எதற்கும் லீவு கிடையாது.

அப்படி இறைத்த தண்ணீர் குழாய்களில் வந்து, வால்வுகளில் பிரிந்து, வாய்க்கால்களில் இறங்கி, சுற்றுவட்டார ஏரிகளுக்குப் போகிறது. மார்கழி விடியலில் வாய்க்கால் ஓரமாகப் போனால் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டு ஓடும். பூமிக்கடியிலிருந்து வருவதால் வெதுவெதுப்பாக இருக்கும். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிலர் அதில்தான் முகம் கழுவுவார்கள்.

என் வீட்டுக்காரர் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். சமையலறையிலிருந்து நேராகப் பம்ப் ஹவுஸ். எந்தப் பம்ப் ஓடுகிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது, அழுத்தம் எவ்வளவு என்று மணிக்கொருதரம் லாக் புத்தகத்தில் எழுதுவதுதான் என் உத்தியோகம். முதல் மாதம் பம்ப் சத்தத்தில் தலைவலி உயிர் போனது. அப்புறம் பம்ப் நின்றால்தான் எனக்குத் தலைவலி வர ஆரம்பித்தது.

ஒருமுறை ஒரு வால்வில் கசிவு என்று பார்க்கப் போனபோது, அந்த வாய்க்கால் எங்கேதான் போகிறது பார்ப்போமே என்று ஜீப் டிரைவரைக் கெஞ்சிப் போய்ப் பார்த்ததுதான் அந்த ஏரி. முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.

ஏரிக்குள் கருவேல மரங்கள். மரம் முழுக்க நாரைகள். மஞ்சள் மூக்கு, முதுகின் பின்பக்கம் ரோஸ் பவுடர் கொட்டியது போல் ஒரு நிறம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை அந்த டிரைவர் ரிட்டயர் ஆகும்வரை சொல்லிச் சிரித்தார்.

உங்க சொந்தக்காரங்க

அதிலிருந்து வாரத்தில் ஒருநாள் அந்தக் கரைக்குப் போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். முதல் நாள் என்னைத் திட்டினாள்.

"மேடம், செவப்புச் சேல கட்டிகினு வந்து நின்னா அதுங்க மெரளும். ஆட்டுக்குப் பின்னாடி வந்து குந்துங்க."

ஆட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் மேடம் என்பது யக்கா ஆனது.

ஐப்பசி மழை இறங்கியதும் போன் வரும். "யக்கா, உங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க." முதலில் பத்துப் பதினைந்து வந்து, வானத்தில் உயரத்தில் வட்டமடித்து இடம் பார்க்கும். இரண்டு நாளில் கூட்டம் சேர்ந்துவிடும். பிறகு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதும், ஒன்று பொறுக்கியதை இன்னொன்று திருடுவதும், அதற்குச் சண்டையும்தான். எங்கள் பிளாக்கில் தண்ணீர் வருகிற நேரம் மாதிரியே இருக்கும். வடக்கேயிருந்து வாத்துக் கூட்டமும் வந்து ஏரியின் மேற்கு மூலையில் இறங்கும். அவை விருந்தாளிகள், மாசி முடிந்தால் போய்விடும். நாரைகள் பங்குனியில் குஞ்சுகள் பறக்கக் கற்ற பிறகுதான் கிளம்பும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மத்தியானம். வெயில் ஏறியதும் தாய் நாரை இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, குஞ்சுகளின் மேல் நிழல் விழுகிற மாதிரித் திரும்பி நிற்கும். சூரியன் நகர நகர அதுவும் நகரும். இன்னொன்று அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும்.

"தண்ணிக்கு நடுவுலதான் கட்டும். ஏன்னு தெரியுமா?" என்று அஞ்சலை ஒருநாள் கேட்டாள்.

"சொல்லு."

"தண்ணி இருந்தா நாய் வராது, நரி வராது, கீரி வராது. தண்ணிதான்க்கா அதுங்களுக்குக் கதவு."

அந்தக் கதவுக்குச் சாவி பம்ப் ஹவுஸில் இருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

அஞ்சலையின் வீட்டுக்காரர் கலியபெருமாள் எங்கள் பிரிவில்தான் கான்ட்ராக்ட் தொழிலாளி. வால்வு திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. வால்வின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவர் தோள் பட்டை உரல் மாதிரி இருக்கும். பேச்சு அதிகம் கிடையாது. "எழுதியாச்சுங்களா மேடம்?" என்று கேட்பார். எழுதியாச்சு என்றால்தான் சக்கரத்தில் கை வைப்பார். கான்ட்ராக்ட் ஆள் எழுத்தில் இல்லாமல் ஒரு வால்வைத் தொட்டால் மறுநாள் கேட்டுக்கு உள்ளே வர முடியாது.

ரெண்டு வரி மேடம்

எங்கள் பிரிவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ரெண்டு வரி மேடம்.

வால்வை மூடினால் இரண்டு வரி எழுத வேண்டும் என்பது நான் கொண்டுவந்த சட்டம். முதல் வரி, எதற்காக மூடினோம், யார் மூடச் சொன்னது. இரண்டாவது வரி, எப்போது திறக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும், ஆள் மாறும். வந்து உட்காருகிறவருக்குப் புத்தகம்தான் வாய். அதில் இல்லாததை யாரும் செய்யக் கூடாது, அதில் இருப்பதை யாரும் விடக் கூடாது. இரண்டாவது வரி எழுதாமல் போனவர்களை நான் வீட்டுக்கே போன் போட்டுக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். ஒரு இன்ஜினியரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி வரவழைத்திருக்கிறேன். அவர் கை கழுவாமலே வந்து எழுதிவிட்டுப் போனார்.

எனக்கு வாய் நீளம். அதை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

வேன் போன வழி

ரிட்டயர் ஆகிறவர்களுக்கு மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, வீடுவரை கொண்டுவந்து விடுவது வழக்கம். எனக்கு என்ன வேண்டும் என்று பிரிவில் கேட்டார்கள். கடிகாரம் வேண்டாம், எல்லோரும் என்னோடு ஒருமுறை ஏரிக்கு வாருங்கள் என்றேன். நாம் இறைத்த தண்ணீர் எங்கே போய் என்ன செய்கிறது என்று ஒருத்தராவது பார்க்க வேண்டாமா?

வேன் ஏற்பாடு ஆயிற்று. தடையாக இருந்தது தரைப்பாலம். வாய்க்கால் அதன் மேல் வழிந்து ஓடும். வேன் டிரைவர் முடியவே முடியாது என்றுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏரி வாய்க்கால் வால்வை மூடிவிட்டு, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் பாலம் காய்ந்துவிடும். வேறு எந்த ஊர்க்காரருக்கு வரும் இந்த யோசனை? ஆற்றை நம்பி இருப்பவர்கள் ஆற்றை நிறுத்தலாம் என்று நினைக்கவே மாட்டார்கள். நாங்கள் குழாய்த் தண்ணீர் ஜாதி. மூடினால் மூடியது, திறந்தால் திறந்தது.

வேனுக்கு முதல் நாள் கலியபெருமாளைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"மழ கம்மிங்க மேடம் இந்த வருசம். ஏரில தண்ணி அவ்ளோவா இல்ல. மதகு வேற தொறந்து வுட்டுருக்காங்க, நெல்லு பால் புடிக்குது."

"ரெண்டே நாள்தான் கலியபெருமாள். ஏரி என்ன வத்தியா போயிடும்?"

"ரெண்டு நாளுன்னா சரிங்க. எழுதியாச்சுங்களா?"

முதல் வரியில் மூடப்பட்டது என்று மட்டும் எழுதினேன்; வேனுக்காக என்று எழுதக் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வரிக்குப் பேனாவை வைத்தேன். வேன் ஒருவேளை ஒருநாள் தள்ளிப்போனால் என்ன செய்வது, போய் வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.

மறுநாள் வேன் போனது. பதினான்கு பேர், பதினான்கு பிரியாணிப் பொட்டலம். பாலம் எப்படிக் காய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆளுக்கொரு செல்பி. "மேடம், இதுக்கா எங்கள இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் கிளம்பும்போது அவர்தான் கடைசியாக ஏறினார். அஞ்சலை எல்லோருக்கும் பனங்கிழங்கு கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு மறுநாள் ரிட்டயர்மென்ட். மாலை, ஆரத்தி, போட்டோ. கம்பெனி கொடுத்த அடையாள அட்டையையும் செல்போன் சிம்மையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். லாக் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். தொட்டுக் கும்பிட்டவள் அதைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஏறி, மகளோடு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டேன். பொங்கல் நன்றாகப் பொங்கியது.

மறுபடி ஏரிக்கரை

அஞ்சலை கழியோடு நின்றுகொண்டிருந்தாள் என்று சொன்னேன் அல்லவா? நாய்களை விரட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் வந்தன. ஏழோ எட்டோ இருக்கும்.

கரையோரத்து மரங்களில் கூடுகள் காலியாக இருந்தன. சில கலைந்து தொங்கின. மரத்தடியில் சேற்றில் வெள்ளையாகக் கிடந்தவற்றை முதலில் பாலிதீன் பைகள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். குஞ்சுகள். இறக்கை முழுதாக முளைக்காதவை. தாய்கள் வானத்தில் ரொம்ப உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, ஐப்பசியில் இடம் பார்க்க வரும்போது சுற்றுவது மாதிரி. ஏரியின் ஆழமான பகுதியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அங்கேயிருந்த நாலைந்து மரங்களில் மட்டும் நாரைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

 கடலைமிட்டாய்ப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஏன் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டாள். சேற்றில் மெதுவாக நடந்து கரைக்கு வந்தாள். அவள் சேலை முந்தானையில் ஒரு குஞ்சு இருந்தது. உயிர் இருந்தது. கழுத்து நிற்கவில்லை.

"வாங்க மேடம்" என்றாள்.

மேடம் என்றதும் எனக்கு முதல் அடி விழுந்துவிட்டது.

"என்ன ஆச்சு அஞ்சலை? வாய்க்கால் ஏன் காஞ்சு கெடக்கு? எப்பலேர்ந்து?"

"நீங்க மூடச் சொன்னதுலேர்ந்து."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள்.

"ரெண்டே நாளுதான், நாளைக்கு வந்துடும்னு இவுரு ஊருல சொன்னாரு, உங்க பேரச் சொல்லல. அத நம்பி மதக மூடாம வுட்டாங்க. மூணாம் நாளு வரல. நாலாம் நாளு வரல. இவுரு தெனம் போய்க் கேட்டுகினுதான் இருந்தாரு. நோட்டுல எழுதல, எழுதாததத் தொறக்க முடியாதுன்னுட்டாரு புதுசா வந்த சாரு. உங்களுக்குப் போன் போட்டோம். போவல. வூட்டாண்ட வந்து பாத்தாரு. பூட்டிக் கெடந்துச்சு."

அவர்களிடம் இருந்தது கம்பெனி சிம் நம்பர். அந்த சிம் ஏதோ ஒரு மேசை டிராயரில் கிடந்தது.

"மதகையாவது மூடியிருக்கலாமே" என்று என் வாய் சொன்னது. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஆறாம் நாளு மூடிட்டோம் மேடம். நெல்லும் போச்சு, இதுவும் போச்சு."

புதிதாக வந்த அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர முடியாது. புத்தகத்தில் இல்லாததைச் செய்யாதே என்பது என் சட்டம். அவர் என் சட்டத்தை ஒரு எழுத்து பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். ரெண்டு வரி மேடம் ஒரு வரியோடு போனாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேடம் எழுதினால் சரியாகத்தான் இருக்கும், நிரந்தரமாக மூடச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். பத்து நாளும் என் நல்ல பெயர்தான் அந்த வால்வை மூடி வைத்திருந்தது.

அஞ்சலை குஞ்சின் கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். அப்போது வாய்க்கால் பக்கம் சலசலவென்று ஒரு சத்தம். சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. தரைப்பாலத்தில் ஏறி வழிந்து, ஏரிக்குள் இறங்கி, வெடித்த சேற்றில் ஓடியது. நான் குனிந்து கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்பாடா, எழுதிட்டாங்க போல" என்றேன்.

அஞ்சலை தண்ணீரையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எழுதல மேடம். காலைல ஒரு குஞ்ச எடுத்துகினு போய் எங்க வூட்டுக்காரரு முன்னாடி போட்டேன். வாயத் தொறக்காம சைக்கிள எடுத்துகினு போனாரு. இது அவுருதான் தொறந்துட்டாரு."

ஒரு மணி நேரத்தில் கலியபெருமாள் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்குகிற கேட் பாஸ் அட்டை இல்லை. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தார்.

"கான்ட்ராக்டர் நாளைலேர்ந்து வரவேணாம்னுட்டாருங்க" என்று மனைவியிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். பதினாறு வருஷம் அந்தச் சக்கரத்தைச் சுற்றியவர். என்றைக்காவது பெர்மனென்ட் ஆகும் என்று இருந்தவர்.

நான் அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை.

வெளி ஆள்

அங்கேயிருந்து நேராகப் பம்ப் ஹவுஸுக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தார், பிறகு விசிட்டர் நோட்டை நீட்டினார். உள்ளே லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

என் கையெழுத்து அழகாக இருக்கும். எல்லோரும் சொல்வார்கள். அழகான கையெழுத்தில் ஒரு வரி. ஏரி வாய்க்கால் வால்வு மூடப்பட்டது. அதற்கு மேலே என் இருபத்திரண்டு வருஷத்தின் இரண்டிரண்டு வரிகள். கீழே பத்து நாளின் மற்றவர்கள் எழுத்து. ஆகக் கடைசியில் அன்று காலை எழுதியது: அனுமதியின்றித் திறக்கப்பட்டது, பெயர் கலியபெருமாள்.

மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன்.

"மேடம்" என்று அந்தப் புது அதிகாரி என் கையைத் தொடாமல் புத்தகத்தின் மேல் கை வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்ப வெளி ஆள். இதுல எழுதக் கூடாது."

"நான் எழுதாமப் போன வரிதான் சார். அத எழுதினா அவருக்கு வேலை போகாது."

"அப்பவே எழுதியிருக்கணும் மேடம்."

அவர் சொன்னது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கத்தியிருப்பேன். ஆனால் வால்வை மறுபடி மூடாமல் விட்டார். அதை அவர் தன் பெயரில், இரண்டு வரியாக எழுதினார். நான் தனித் தாளில் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நடு ஏரியில் அந்த நாலைந்து மரத்துக் குஞ்சுகள் பிழைத்தன. பங்குனிக் கடைசியில் அவை பறந்து போனதை நான் கரையில் நின்று பார்த்தேன். கலியபெருமாள் அன்றைக்குத் திறந்திராவிட்டால் அதுவும் இல்லை.

இப்போது

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. முதல் வருஷம் நாரைகள் வந்து வட்டமடித்துவிட்டு இறங்காமலே போய்விட்டன. அஞ்சலை போன் செய்யவில்லை. நானாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த வருஷம் இறங்கியிருக்கின்றன. பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கூடு கட்டியிருக்கின்றன, சுள்ளி திருடுகின்றன.

கலியபெருமாள் இப்போது நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார். விடியும் முன் பஸ். வேலையைவிட அவரை அரிப்பது வேறு. ஊரில் இன்னும் அவரை 'வால்வ மூடுனவன்' என்றுதான் சொல்கிறார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். மூடச் சொன்னது நான்தான் என்று ஊர்க்கூட்டத்தில் நானே சொன்னேன். பெரிய மனசு மேடத்துக்கு, அவனைக் காப்பாற்ற ரிட்டயர் ஆனவங்க பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கிறாங்க என்று எனக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். கூசிப்போய்விட்டேன்.

நான் தினம் சாயங்காலம் ஏரிக்குப் போகிறேன். தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது, எத்தனை கூட்டில் நாரை இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். அஞ்சலை பக்கத்தில் ஆட்டோடு இருப்பாள். இன்னும் மேடம்தான். யக்கா திரும்பி வரவில்லை. நான் எழுதி முடித்து எழுந்தால் மட்டும் கேட்பாள்.

"கடைசி வரியப் படிங்க."

படித்துக் காட்டினால்தான் வழி விடுவாள்.

போன வாரம் இந்தத் தொடரைப் பற்றி அவளிடம் சொன்னேன். வாராவாரம் பழைய கதையை எழுதுகிறேன், பத்திரிகையில் வருகிறது, நிறையப் பேர் படிக்கிறார்கள் என்றேன். அவள் ஒரு ஆட்டின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அச்சுல வந்தா ஊருல நம்புவாங்களா மேடம்?"

"வாய்ல சொன்னத நம்பல. அச்சுல வந்தா நம்பலாம்."

"அப்போ எழுதுங்க. அந்த நோட்டுல எழுத வுடலன்னு சொன்னீங்க இல்ல? இதுல வுடுவாங்க இல்ல?"

விடுவார்கள். ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். இந்த இதழ் கைக்கு வந்ததும் நாலு பிரதி வாங்கி, ஒன்றை டீக்கடையில் போடுவேன். ஒன்றை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் அஞ்சலையிடம் கடைசி வரியைப் படித்துக் காட்டுவேன்.

லாக் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஏரி வாய்க்கால் வால்வு மூடப்பட்டது. காரணம், வேன் போக வேண்டும். மூடச் சொன்னவர் வசந்தா. சொன்னதைச் செய்தவர் கலியபெருமாள்.

மூன்றாம் நாள் காலை திறக்க வேண்டும்.